மொட்டை மாடியில் ஒரு சதுரக் கோலம்

"தம்பி, அது என்ன பட்டமா? இல்ல, காக்கா வராம இருக்கக் கட்டின வலையா?"

எங்கள் குடியிருப்பில் மாடிப்படியில் எதிர்ப்படும் யாரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. வகுப்பில் பக்கத்து பெஞ்ச் ஆசாமிகள் வேறு, "மச்சி, நீ ஏதோ ஒட்டுக்கேக்கறியாமே?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே மக்களே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். அது பட்டமும் இல்லை, வலையும் இல்லை. குவாட் ஆன்டெனா. மூங்கிலும் கம்பியும்தான். அதை வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து இத்தாலியோடு பேசுகிறேன். இன்டர்நெட், சிம் கார்டு எதுவும் கிடையாது. (அதுக்கு வாட்ஸப்பே போதுமே என்பவர்கள் கொஞ்சம் பொறுமை காக்கவும். கடைசியில் வருகிறேன்.)

முதலில் ஒரு சின்ன கொசுவத்தி சுற்றிவிடலாம்.

என் தாத்தா வங்கியில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்தால் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். அரசாங்கத் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனக்கென்று ஒரு அழைப்புக்குறி வைத்துக்கொண்டு உலகத்தில் யாரோடும் பேசலாம் என்கிற பொழுதுபோக்கு. அவர் மொட்டை மாடியில் 14 மெகாஹெர்ட்ஸுக்காக ஒரு குவாட் கட்டியிருந்தார். ஒவ்வொரு பக்கமும் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள இரண்டு சதுரங்கள். கீழே தெருவில் நின்று பார்த்தால் ஏதோ கோயில் தேருக்குச் சட்டம் கட்டி வைத்த மாதிரி இருக்கும்.

2016 டிசம்பர் 12. வர்தா புயல். நான் அப்போது ஆறாம் வகுப்பு. சென்னையில் அன்று ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு சத்தம். தாத்தாவின் கம்பம் இழுவைக்கயிறு அறுந்து பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுந்த சத்தம். அந்த வீட்டு ஆன்ட்டி சாதாரணமாகத் துணி எடுக்க வரும் இடம் அது. அன்று அவர் வரவில்லை. ஒரு துளசித் தொட்டியும் துணிக்கொடியும் போனதோடு சரி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் தாத்தா நாலு நாள் சரியாகப் பேசவில்லை. அந்த ஆன்ட்டியே வந்து "போனா போகுது விடுங்க சார்" என்று சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை. "இன்னொண்ணு கட்டலாம் தாத்தா" என்றேன். "வேண்டாம்டா. காத்துக்கு என்ன தெரியும், இது யார் வீட்டு ஆன்டெனான்னு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு 2020இல் போகும் வரை அவர் கம்பம் நடவே இல்லை. அவருடைய குறிப்பேட்டில் கடைசிப் பதிவு 2016 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு. அதற்குக் கீழே கோடு போட்ட காலிப் பக்கங்கள்.

ஆகவே, நான் ஆன்டெனா தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது எது அதிக தூரம் போகும் என்பது இரண்டாவது கேள்வியாக இருந்தது. முதல் கேள்வி, எது யார் தலையிலும் விழாது என்பது.

பிளஸ் டூ முடித்த விடுமுறையில், 2023இல், ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு எழுதினேன். பேரு பெரிசா இருந்தாலும் அடிப்படை மின்னியல், ரேடியோ விதிகள் இவ்வளவுதான். பி.காம். சேரப்போகிறவன் எழுதிப் பாஸ் பண்ணலாம் என்பதற்கு நானே சாட்சி. லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் அந்த வருஷ டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துவிட்டது. கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, வேளச்சேரியில் இருந்த சித்தி வீட்டோடு இரண்டு நாள் தொடர்பே இல்லை. தாத்தாவின் பழைய ஜப்பான் பெட்டி அலமாரியில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. பெட்டி இருக்கிறது, பேச அனுமதி இல்லை. அந்த இரண்டு நாளில்தான் எனக்கு இது வெறும் விளையாட்டு இல்லை என்று உறைத்தது.

இந்த ஊருக்கும் ரேடியோவுக்கும் பழைய பந்தம் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அரசாங்கத்துக்கு முன்னாலேயே இங்கே ஒலிபரப்பு செய்தவர்கள் ஆர்வலர்கள்தான். 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். ஒரு பழைய குண்டு பல்புக்குச் செலவாகும் மின்சாரம்! பணமில்லாமல் 1927இல் கிளப் மூடியது. அவர்களுடைய சாதனங்களை வாங்கிக்கொண்டு சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பியது. 1938 ஜூனில் ஆல் இந்தியா ரேடியோ வந்து பொறுப்பேற்றுக்கொண்டது. ஆக, காசில்லாத ஆர்வக்கோளாறுகள் 40 வாட்டில் தொடங்கிய கதை நம்முடையது. எனக்கு அனுமதிக்கப்பட்டது 50 வாட். பரவாயில்லை, பத்து வாட் லாபம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். ஆன்டெனாவில் எத்தனையோ வகை. மொட்டை மாடிக்காரனுக்கு முன்னால் நாலு இருந்தன.

ஒன்று, நேராக நிற்கும் வெர்ட்டிகல். இடம் அடைக்காது. ஆனால் எல்லாத் திசையிலிருந்தும் இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர். அது அத்தனையும் கரகரவென்று காதில் விழும்.

இரண்டு, டைபோல். ஒரு கம்பியை நடுவில் வெட்டிக் கேபிளை இணைத்தால் டைபோல். மலிவு, லேசு, விழுந்தாலும் வெறும் கம்பி. ஆனால் இரண்டு பக்கமும் சமமாகப் பரப்பும்; குறிப்பிட்ட ஒரு திசையில் அழுத்தம் இருக்காது.

மூன்று, யாகி. பழைய தூர்தர்ஷன் காலத்து மீன்முள் ஆன்டெனா ஞாபகம் இருக்கிறதா? அதன் அண்ணன்.

நான்கு, குவாட். சதுரமாக வளைத்த கம்பி வளையம். முன்னால் ஒன்றுக்குக் கேபிள் இணைப்பு. பின்னால் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று, எதனோடும் இணைக்காமல் சும்மா நிற்கும். அதற்கு ரிஃப்ளெக்டர் என்று பெயர். டார்ச் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி மாதிரி, பின்னால் போவதை முன்னால் தள்ளும்.

குவாட் பிறந்த கதையே சுவாரசியமானது. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகரம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,850 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவை விட உயரம். அங்கே 1931 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய எச்.சி.ஜே.பி. என்ற கிறிஸ்துவ வானொலி நிலையம். 1940களின் தொடக்கத்தில் 10 கிலோவாட் சக்தியில் யாகி வகை ஆன்டெனாவில் ஒலிபரப்பினார்கள். இரவானால் குழாய்களின் நுனியில் நீல நிறத்தில் நெருப்பு! அலுமினிய நுனிகள் உருகி விழுந்தன. காரணம் எளிமையானது. டைபோல், யாகி போன்றவற்றில் கம்பி முடிகிற நுனியில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். மலை மேல் காற்று அடர்த்தி குறைவு, அதனால் சீக்கிரமே பொறி கிளம்பிவிடும். அங்கே பொறியாளராக இருந்தவர் கிளாரன்ஸ் மூர். நுனி இருந்தால்தானே நுனி எரியும், நுனியே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று யோசித்தார். ஒரு முழு அலைநீளக் கம்பியை வளைத்து, ஆரம்பமும் முடிவும் ஒன்றாகச் சேரும்படி சதுரமாக்கினார். நெருப்பு நின்றது. இதற்கு 1951இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இதே மூர்தான் பிறகு இந்தியானாவில் கிரவுன் என்ற ஒலிச்சாதனக் கம்பெனியை 1947இல் தொடங்கியவர். கச்சேரி சபாக்களில் ஆம்ப்ளிஃபயர் பார்க்கிறவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கலாம்.

இதைப் பாட்டியிடம் விளக்கினேன். பாட்டி ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "அட, சிக்குக் கோலம்னு சொல்லேன். இழை எங்கயும் விட்டுப்போகக் கூடாது, ஆரம்பிச்ச இடத்துலயே வந்து சேரணும்" என்றார். வடக்கு மாட வீதிக் கோலப் போட்டிகளில் கலந்துகொண்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சதுரக் கோலம்.

கீட்டோவில் 10 கிலோவாட். எனக்கு 50 வாட். எனக்கு நுனி எரியப் போவதில்லை. பின்னே ஏன் குவாட்? மூன்று காரணங்கள்.

முதல் காரணம் அகலம். இதுதான் தீர்மானித்தது. 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, அதாவது பத்து மீட்டர் பேண்டுக்கு, யாகி கட்டினால் அதன் குழாய்கள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளும். குவாட்டில் அதே வேலைக்கு ஒரு பக்கம் 2.7 மீட்டர் போதும். ஏறத்தாழ பாதி. எங்கள் மாடியில் நாலு சின்டெக்ஸ் தொட்டி, ஏழு துணிக்கொடி, வெயில் காலத்தில் வடாம், அதற்கு நடுவில் கம்பம் நட ஒரே ஒரு மூலைதான் கிடைக்கும். அந்த மூலையில் யாகியைச் சுற்றினால் அதன் கை பக்கத்து மாடிக்கு மேலே போய்வரும். குவாட் சுற்றினால் எங்கள் கைப்பிடிச் சுவருக்குள்ளேயே சுற்றும். துளசித் தொட்டிக்கு மேலே எதுவும் நீளாது. இது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது காரணம் லாபம். வணிகவியல் மாணவனாகச் சொல்கிறேன், டெசிபல் என்பது கூட்டுவட்டி மாதிரி. 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. இரண்டு வளையம் உள்ள குவாட் ஒரு டைபோலை விடச் சுமார் 5 டெசிபல் கூடுதலாகத் தன் திசையில் தள்ளும். மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலே. அதாவது என் 50 வாட், எதிர்முனையில் 150 வாட்டுக்கு மேல் இருப்பது போலக் கேட்கும். மின்சாரக் கட்டணத்தில் பைசா கூடாது. லைசென்ஸ் விதியும் மீறவில்லை. அதைவிட முக்கியம், கேட்கும்போதும் அதே லாபம் உண்டு. பெட்டியில் பவரைக் கூட்டினால் அடுத்தவருக்கு மட்டும்தான் நன்மை. ஆன்டெனாவை நன்றாகக் கட்டினால் வரவு செலவு இரண்டு பக்கமும் நன்மை. இதே அளவு யாகியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 1 டெசிபல்தான். "குவாட்தான் ராஜா" என்று சண்டை போடும் பழைய ஹாம்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான்.

மூன்றாவது, காசு. மூங்கிலும் வீட்டு வயரிங் கம்பியும்தான் மூலப்பொருள்.

இப்போது குறைகளையும் சொல்லிவிட வேண்டும். குவாட் தட்டையான பொருள் இல்லை. மேலும் கீழுமாக நிற்கும் பொருள். எட்டு மூங்கில் கைகளும் காற்றுக்கு நெஞ்சைக் காட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் தாக்குப்பிடிக்கும் கட்டு 120இல் தாங்கும் என்று நினைத்தால் தாத்தாவின் கதைதான். அவர் கட்டியது பத்து மீட்டர் பேண்டுக்கானதை விட நீளத்தில் இரண்டு மடங்கு. கை நீளம், கனம், கம்பத்தின் மேல் இழுப்பு எல்லாம் சேர்த்தால் அது வேறு மிருகம். நான் சின்னதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான். இன்னொரு வசதியும் உண்டு. மூன்று மாடிக் கட்டடமும் அதன் மேல் 12 அடிக் கம்பமும் சேர்ந்தால் தரையிலிருந்து 13, 14 மீட்டர். பத்து மீட்டர் பேண்டுக்கு அது ஒரு அலைநீளத்துக்கும் மேல். கதிர் தொடுவானத்தை ஒட்டித் தாழப் போக அந்த உயரம் தாராளம். 14 மெகாஹெர்ட்ஸுக்கு இதே பலன் வேண்டுமானால் இரண்டு மடங்கு உயரம் வேண்டும்.

கட்டிய கதை.

பந்தல்காரர்களுக்கு மூங்கில், சவுக்கு விற்கும் கடைக்குப் போய், "ரெண்டு மீட்டருக்கு மேல நேரா, மெல்லிசா, பத்துக் கம்பு" என்றேன். "கொலுவுக்கா தம்பி?" என்றார். "இல்லண்ணே, இத்தாலிக்கு" என்று சொல்லத் தைரியம் வரவில்லை. எட்டு போதும், இரண்டு உதிரி. அந்தப் பத்தையும் ஆட்டோவில் வெளியே நீட்டிக்கொண்டு லஸ் முனை நெரிசலில் வந்ததைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். கேபிளும் கனெக்டரும் ரிச்சி தெருவில். வார்னிஷ் இரண்டு பூச்சு, கணுவுக்குக் கணு நைலான் நூல் சுற்று. கடற்காற்றிலும் சித்திரை வெயிலிலும் மூங்கில் பிளக்காமல் இருக்க இது தாத்தாவின் குறிப்பேட்டில் இருந்த வைத்தியம்.

கணக்கு இதுதான். 1005ஐ அலைவெண்ணால் வகுத்தால் முன் வளையத்தின் சுற்றளவு அடியில் கிடைக்கும். 28.4 மெகாஹெர்ட்ஸுக்கு 35.4 அடி, அதாவது 10.79 மீட்டர். பின் வளையத்துக்கு 1030ஐ வகுக்க வேண்டும்: 11.05 மீட்டர். நடுவிலிருந்து மூலைக்கு மூங்கில் கை 1.91 மீட்டர், பின்னால் 1.95 மீட்டர். இரண்டு வளையத்துக்கும் இடைவெளி 1.4 மீட்டர். நடுவில் மூங்கில்களைப் பிடிக்க பிளைவுட் தட்டும் யூ கிளாம்பும். மொத்தச் செலவு 3,800 ரூபாய். மூங்கிலுக்கு மூன்று வருஷம் ஆயுள் வைத்துத் தேய்மானம் போட்டேன். (சிரிக்காதீர்கள், பழக்கதோஷம்.)

முதல் நாள் ஏற்றி, மீட்டரில் பார்த்தால் ஆன்டெனா 28.4இல் ஒத்திசையவில்லை. 27.6 பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. சூத்திரத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். சூத்திரம் சரி. தப்பு என்னுடையது. அந்த 1005 வெறும் செப்புக் கம்பிக்கு. நான் வாங்கியது பிளாஸ்டிக் உறை போட்ட வீட்டு வயர். உறைக்குள் அலை கொஞ்சம் மெதுவாக ஓடும், அதனால் கம்பி நீளமாகிவிட்டது போல நடந்துகொள்ளும். சுமார் 3 சதவீதம். முன்னாலும் பின்னாலும் முப்பது செ.மீ. சொச்சம் வெட்டி, எட்டு மூங்கிலிலும் ஓட்டையை ஐந்தரை செ.மீ. உள்ளே தள்ளி மறுபடி கட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. புதிதாகக் கட்டுகிறவர்கள் என் முப்பது சென்டிமீட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

கேபிள் இணைப்பைக் கீழ்ப் பக்கத்தின் நடுவில் கொடுத்தேன். அங்கே கொடுத்தால் அலை படுக்கை வாட்டில் போகும்; பக்கவாட்டில் கொடுத்தால் செங்குத்து. வீட்டு இரைச்சல் பெரும்பாலும் செங்குத்தாக வருவதால் படுக்கைவாட்டம் காதுக்கு நிம்மதி. தனி வளையத்தின் மின்தடை 100 ஓமுக்கு மேல் இருக்கும். பின்னால் ரிஃப்ளெக்டர் கிட்டே வரவர அது இறங்கும். அதனால் 50 ஓம் கேபிளை நேரடியாகவே இணைத்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.4. பாஸ் மார்க்.

மோட்டார் வைத்துத் திருப்ப வசதியில்லை. கம்பத்தைக் கையால் பிடித்துத் திருப்புகிறேன். ஹாம்கள் இதை 'ஆர்ம்ஸ்ட்ராங் ரொட்டேட்டர்' என்று கிண்டல் செய்வார்கள். திசைக்கு வரைபடம் தேவைப்படவில்லை, சென்னையே போதும். எங்கள் மாடியில் நின்று கலங்கரை விளக்கத்தைப் பார்த்துத் திருப்பினால் ஜப்பான். ஜெமினி மேம்பாலம் பக்கம் திருப்பினால் ஐரோப்பா. தி. நகர் பக்கம் வளைகுடா நாடுகள். அடையாறு பக்கம் மொரீஷியஸ். குவாட்டின் பார்வை அகலமானது, பத்துப் பதினைந்து டிகிரி தப்பினாலும் பரவாயில்லை. காலையில் கலங்கரை விளக்கம், சாயங்காலம் ஜெமினி. பத்து மீட்டர் பேண்டு சூரியனை நம்பி வாழ்வது. சூரியப் புள்ளிகள் அதிகமாக இருக்கும் வருஷங்களில்தான் அது திறக்கும். 2024 அப்படி ஒரு வருஷம். எனக்கு அதிர்ஷ்டம்.

முதல் நாள் சாயங்காலம் ஜெமினியைப் பார்த்துத் திருப்பிவிட்டு, நடுங்கும் குரலில் பொது அழைப்பு விடுத்தேன். மூன்றாவது தடவை ஒரு இத்தாலிக்காரர் பதில் சொன்னார். என் அழைப்புக்குறியைத் திரும்பச் சொன்னார். ஐந்து, ஒன்பது என்று சிக்னல் அறிக்கை தந்தார். மொத்தம் நாற்பது விநாடி. சோதனைக்காகக் கம்பத்தை எதிர்ப்பக்கம் திருப்பினேன். அவர் குரல் தரையோடு தரையாக அமுங்கியது. மறுபடி ஜெமினி, குரல் எழுந்தது. மூங்கிலும் கம்பியும் செய்கிற வேலையைக் காதால் கேட்டேன். தாத்தாவின் குறிப்பேட்டில், அந்தக் காலிப் பக்கத்தில், என் அழைப்புக்குறியில் முதல் வரி எழுதினேன். பாட்டி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி தோசைக்குத் தக்காளிச் சட்னியும் தேங்காய்ச் சட்னியும் சேர்ந்து வந்தது. புரிந்துகொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் பெருமைக் கட்டுரை. அடுத்து நடந்ததுதான் விஷயம்.

குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு கிளம்பியது. செகரெட்டரி சார் 2016ஐ மறக்கவில்லை. "உங்க தாத்தா எவ்வளவு ஜாக்கிரதையான மனுஷர், அவர் கட்டினதே விழுந்துதே" என்றார். எனக்குப் பதில் இல்லை. உண்மைதானே. 5 டெசிபல், கீட்டோ, காப்புரிமை இதெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு வாரம் யோசித்தேன். எவ்வளவு வலுவாகக் கட்டினால் விழாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடித்த கம்பம், அதிகக் கயிறு, அதிக எடை. எடை கூடக்கூட விழுந்தால் ஆபத்தும் கூடுகிறது. அப்போதுதான் கேள்வியே தப்பு என்று பட்டது. விழாத ஆன்டெனா வேண்டாம். புயலுக்கு முன்னால் நாமே படுக்க வைக்கிற ஆன்டெனா போதும்.

கம்பத்தின் அடியில் கீல் மாதிரி ஒரு போல்ட் வைத்தேன். மாடிப்படி அறைச் சுவரில் இரண்டு கிளாம்ப். கிளாம்பைக் கழற்றிக் கயிறை மெல்ல விட்டால் கம்பம் எங்கள் மாடிக்குள்ளேயே சாய்ந்து படுக்கும். நானும் அப்பாவும் சேர்ந்தால் பதினைந்து நிமிஷம். செகரெட்டரி சாரை மேலே கூப்பிட்டுச் செய்து காட்டினேன். "புயல் எச்சரிக்கை வந்தா அன்னிக்கே இறக்கணும். எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. எச்சரிக்கை வந்த அன்றே இறக்கிவிட்டேன். நவம்பர் 30 அன்று சென்னை விமான நிலையமே மூடிக்கிடந்தபோது எங்கள் சதுரக் கோலம் மாடித் தரையில் கயிற்றால் கட்டப்பட்டுச் சமர்த்தாகப் படுத்திருந்தது. கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டேன், இடி மின்னலுக்காக.

புயல் வலுக்கிற வரை பேச ஏதாவது வேண்டுமே என்று 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் கம்பியில் ஒரு டைபோல் வெட்டி, தொட்டிக்கும் மாடிப்படி அறைக்கும் நடுவே தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டியிருந்தேன். மழை லேசான நேரம் பார்த்துப் பெட்டியை இணைத்தால், விழுப்புரம், கடலூர் பக்கத்துக் குரல்கள் அறைக்குள் பேசுகிற மாதிரி! எந்த ஊரில் தண்ணீர், எங்கே ரோடு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய சமயம் அது. நானும் மயிலாப்பூர் நிலவரத்தைச் சொல்லிவிட்டு, குறித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது புரிந்த பாடம் இது. என் குவாட் நின்றுகொண்டிருந்தால்கூடக் கடலூரோடு பேசியிருக்க முடியாது. 28 மெகாஹெர்ட்ஸ் அலை தொடுவானத்தை ஒட்டிப் போய், மேலே அயனி மண்டலத்தில் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித்தான் இறங்கும். நடுவில் இருக்கிற கடலூர், திருச்சி, மதுரை எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வாகக் கட்டிய கம்பி செங்குத்தாக மேலே அனுப்பும். அது மழை மாதிரி நம் தலையைச் சுற்றிச் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே பெய்யும். பக்கத்து ஊருக்கு உதவ வேண்டுமானால் நூறு ரூபாய்க் கம்பி. தூர தேசத்துக்குக் குரல் கொடுக்க குவாட். இரண்டும் வேண்டும், இரண்டின் வேலையும் வேறு.

2004 டிசம்பரில் அந்தமானில் நடந்ததும் இப்படித்தான். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அங்கிருந்து அமெச்சூர் ரேடியோ இயக்க அனுமதி வாங்கி, பாரதி பிரசாத் குழுவினர் உலகம் முழுக்கப் பேசுவதற்காகப் போர்ட் பிளேர் போயிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி. டெலிபோன் போனது. பொழுதுபோக்குக்காக எடுத்துப்போன அதே சாதனங்கள் அன்றிலிருந்து காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்குத் தகவல் கொண்டுபோயின. வாட்ஸப் போதுமே என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். 364 நாள் போதும். அந்த ஒரு நாளுக்காகத்தான், மீதி 364 நாளும் இத்தாலிக்காரரோடு பேசிக் கைப்பழக்கம் வைத்துக்கொள்வது.

மழை நின்று நாலாம் நாள் கம்பத்தை மறுபடி நிமிர்த்தினோம். ஒரு மூங்கில் மட்டும் கணுவில் கீறல், உதிரி போட்டேன். பக்கத்து மாடி ஆன்ட்டி துணி உலர்த்திக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க தாத்தாதுதானே இது?" என்றார். "இல்ல ஆன்ட்டி, அதைவிடச் சின்னது" என்றேன். "சின்னதே அழகா இருக்கு" என்றார். அந்தப் பக்கம் புதுத் துளசித் தொட்டி எப்போதோ வந்துவிட்டிருந்தது.

இப்போதெல்லாம் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் வாயைத் திறந்தாலே போதும், செகரெட்டரி சாரிடமிருந்து எனக்கு போன் வந்துவிடும்.

"தம்பி, நியூஸ் பாத்தியா? கோலத்தை எப்ப இறக்கப்போற?"

அவரும் கோலம் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார் :-)